உலாவிக்குள் ஒரு சட்டகம்: தொடங்குவதும் காப்பதும்

பெங்களூரில் தமிழ்க் குடும்பம் என்றால் வீட்டுக்கு ஒருவராவது கணினித் துறையில் இருக்கிறார் என்ற நிலை வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் அவர்கள் பேச்சில் 'பிரேம்வொர்க்' என்ற சொல் உப்புக் கல் மாதிரி வந்து விழும். பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டு சாதம் பிசைவோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அதை ஒருவர் புதிதாகத் தொடங்கி ஊருக்கே இலவசமாகத் திறந்துவிடுவது என்றால் என்ன, அதில் என்ன ஆதாயம், என்ன ஆபத்து என்பதை இந்த மலரின் அன்பர்களுக்குப் புரியும்படி எழுத முயல்கிறேன். பாத்திர வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், வரவு செலவு எங்கே இருக்கிறதோ அங்கே வியாபாரிக்கு வேலை இருக்கிறது.

முதலில் உலாவி. கணினியிலோ கைபேசியிலோ இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் அது. குரோம், ஃபயர்பாக்ஸ் என்பவை உலாவிகள். பக்கம் எங்கோ தொலைவில் உள்ள வழங்கியிலிருந்து வருகிறது. பழைய நாளில் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் உலாவி மறுபடியும் வழங்கிக்கு ஓடிப்போய் முழுப் பக்கத்தையும் புதிதாகக் கொண்டுவரும். ஒரு டம்ளர் விலை கேட்டதற்குக் கடைப் பையனைக் குடோனுக்கு அனுப்பி அலமாரியையே தூக்கி வரச் சொன்ன மாதிரி. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாளில் ஒரு சிறு மொழியை உருவாக்கினார். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். உலாவிக்குள்ளேயே ஓடும் மொழி. அதனால் சின்னச் சின்ன வேலைகளைக் குடோனுக்குப் போகாமல் கல்லாப்பெட்டி மேசையிலேயே முடிக்கலாம் என்று ஆயிற்று. வாடிக்கையாளர் பக்கத்தில் ஓடும் நிரல் என்பது இதுதான்.

சரி, சட்டகம்? எங்கள் கடையில் பேரேடு ஒன்று உண்டு, விலை எழுதிய கரும்பலகை ஒன்று உண்டு. பேரேட்டில் விலையைத் திருத்தினால் பலகையிலும் திருத்த வேண்டும். பலகை ஒன்று என்றால் பரவாயில்லை. வாசலில் ஒன்று, மாடியில் ஒன்று, தபாலில் போகும் பட்டியல் ஒன்று என்று பெருகினால் எங்கேயாவது பழைய விலை தங்கிப் போகும். அந்தப் பழைய விலையைப் பார்த்த வாடிக்கையாளர்தான் முதலில் வருவார். இணையத் திரையிலும் இதே தலைவலிதான். உள்ளே இருக்கும் தகவல் ஒரு பக்கம், திரையில் தெரிவது இன்னொரு பக்கம். இரண்டையும் எப்போதும் ஒத்துப்போக வைப்பதே உலாவிச் சட்டகத்தின் தலையாய வேலை. நிரலர் பேரேட்டை மட்டும் திருத்தினால் போதும், பலகைகள் தாமாக மாறும்.

இதை எப்படிச் செய்வது என்பதில்தான் ஒவ்வொரு சட்டகமும் தனி வழி. பேஸ்புக் நிறுவனத்தில் ஜோர்டன் வாக் உருவாக்கி 2013 மே மாதம் வெளிவந்த ரியாக்ட், பலகையின் நகல் ஒன்றைத் தாளில் வைத்துக்கொண்டு, புதிய நகலை எழுதி இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய வரியை மட்டும் பலகையில் திருத்தும். ரிச் ஹாரிஸ் 2016-இல் தந்த ஸ்வெல்ட், எந்தக் கணக்கு மாறினால் எந்த வரி மாறும் என்பதை முன்கூட்டியே தொகுத்து வைத்துவிடும். இன்னும் சிலர் பேரேட்டு வரிக்கும் பலகை வரிக்கும் இடையே நூல் கட்டியது போலச் செய்கிறார்கள். எது சிறந்தது என்று இளைஞர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்கு நாம் போக வேண்டாம்.

நான் கவனித்தது வேறு. நிலைத்து நின்றவை பெரும்பாலும் 'ஒரு சட்டகம் செய்வோம்' என்று உட்கார்ந்து செய்தவை அல்ல. ஏதோ ஒரு வேலையின் நடுவே பிறந்தவை. ஜெரமி ஆஷ்கெனாஸ் 2010-இல் வெளியிட்ட பேக்போன், ஆவணங்களுக்கான ஒரு திட்டத்துக்காக எழுதிய நிரலிலிருந்து பிரித்தெடுத்தது. ஆங்குலர் கதை இன்னும் சுவையானது. கூகுளில் மிஸ்கோ ஹெவரி என்பவரும் இரு தோழர்களும் ஆறு மாதம் உழைத்து 17,000 வரி எழுதியிருந்தார்கள். தான் ஓய்வு நேரத்தில் செய்து வைத்திருந்த கருவியைக் கொண்டு அதை இரண்டே வாரத்தில் திரும்ப எழுதுகிறேன் என்று மேலாளரிடம் பந்தயம் கட்டினார். மூன்று வாரம் ஆயிற்று, பந்தயம் தோற்றார். ஆனால் 17,000 வரி 1,500 வரியாகச் சுருங்கிவிட்டது. அதைக் கண்டுதான் கூகுள் அந்தக் கருவியைக் கையில் எடுத்தது. அதே கூகுளில் ஆங்குலரைப் பயன்படுத்திக்கொண்டிருந்த எவான் யூ என்ற இளைஞர், அதில் தனக்குப் பிடித்த பாகத்தை மட்டும் இலேசாகச் செய்து பார்த்தார். முதலில் 'விதை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்தார். 2014 பிப்ரவரியில் வெளியிட்டபோது அதன் பெயர் வ்யூ. பிரெஞ்சில் 'காட்சி' என்று பொருள்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். இந்த நகரத்தில் திறமூல மென்பொருளுக்குப் பழைய வேர் உண்டு. அதுல் சிட்னிஸ் முன்னின்று நடத்திய லினக்ஸ் மாநாடு 2001-இல் தொடங்கி, பிறகு ஃபாஸ் டாட் இன் என்ற பெயரில் 2012 வரை நடந்தது. 2011 முதல் ஹாஸ்கீக் அமைப்பினர் ஜாவாஸ்கிரிப்டுக்கென்றே ஜேஎஸ்ஃபூ என்று கூட்டம் போட்டார்கள். ஆனால் கூட்டத்துக்குப் போகாத நம்மவர்களும் தினம் தொடுகிற ஓர் உதாரணம் இருக்கிறது. 'நம்ம யாத்ரி'.

2022 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு ஜஸ்பே என்ற பெங்களூர் நிறுவனம் தொடங்கிய செயலி அது. ஓட்டுநரிடம் சவாரிக்கு இவ்வளவு சதவீதம் என்று கமிஷன் பிடிக்காமல், பிற்பாடு நாளுக்கு 25 ரூபாய் என்ற கட்டண முறை கொண்டுவந்தார்கள். பலருக்கு இவ்வளவு தெரியும். தெரியாதது என்னவென்றால், அதன் நிரல் முழுவதும் கிட்ஹப் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டது. வழங்கியில் ஓடும் பகுதி ஹாஸ்கெல் மொழியில். நாம் தொடும் திரைகள் பியூர்ஸ்கிரிப்ட் என்ற மொழியில். அது ஜாவாஸ்கிரிப்டாக மாறி ஓடும். அந்தத் திரைகளை வரைய உலகப் புகழ் பெற்ற சட்டகம் எதையும் கடன் வாங்கவில்லை. பணம் செலுத்தும் திரைகளைச் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஜஸ்பே, தன் தேவைக்கென்று பிரெஸ்டோ என்ற சட்டகத்தைத் தானே எழுதி, அதையும் திறமூலமாக வெளியிட்டிருந்தது. இது உலாவிப் பக்கம் அல்ல, கைபேசிச் செயலி என்று சிலர் திருத்தலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரேடும் பலகையும் அதே கதைதான்.

பிரெஸ்டோவின் பெயர் வெளியில் தெரிந்தவர்கள் சிலரே. ரியாக்ட் தெரிந்த நூறு பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். ஆனாலும் அதை வைத்து எழுதிய செயலியில் இந்நகரத்து ஆட்டோக்கள் ஓடின. கொல்கத்தாவில் 'யாத்ரி சாத்தி' என்று இதே நிரலின் வழியில் இன்னொரு செயலி வந்தது. ஊர் மெச்சுவது வேறு, சொந்தக் கடைக்குப் பயன்படுவது வேறு. சொந்தக் கடையில் பயன்படும் சட்டகம் சாகாது, ஏனென்றால் அது பழுதானால் முதலில் அடி வாங்குபவன் சொந்தக்காரன்.

இந்தப் பேச்சு எனக்கு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவன். எங்கள் கடைச் சரக்குப் பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் காட்டும் ஒரு திரையை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி வந்தான். எழுத எழுத, இருக்கிற சட்டகங்களில் நம் எழுத்துக்கு ஏற்படும் இடைஞ்சல்களைத் தானே சரிசெய்து, கடைசியில் "இதைத் தனியாப் பிரிச்சு ஒரு சட்டகமாப் போட்டுடலாமா மாமா?" என்றான். வேலையைக் கூட விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை அவனுக்கு. தங்கைக்கு இதில் தூக்கம் போய்விட்டது. அந்த இடைஞ்சல்கள் என்ன என்று அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். தமிழ் ஆர்வலர்கள் அனைவரும் அறிய வேண்டியது இந்தப் பகுதிதான் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்கும். த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாக அது சேமித்து வைத்திருக்கிறது. இதனால் என்ன கேடு? ஒரு பெட்டியில் பெயருக்கு 11 எழுத்து இடம் என்று வரையறை வைத்திருப்பார்கள். 'மீனாட்சிசுந்தரம்' நமக்கு 9 எழுத்து. தாராளமாக அடங்க வேண்டும். கணினிக்கு அது 16. பதினொன்றில் வெட்டினால் 'மீனாட்சிசுந' என்று நிற்கும். புள்ளியையும் இழந்து, பெயரையும் இழந்து. ரசீதில் இப்படி வந்த பெயர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. எழுத்தை நம் கணக்குப்படி பிரித்துத் தரும் 'செக்மென்டர்' என்ற கருவி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. குரோமில் 2020-இல் வந்தது, ஃபயர்பாக்ஸில் 2024-இல்தான் வந்து சேர்ந்தது. ஆனால் சட்டகம் எழுதுபவர் அதை எடுத்துப் பயன்படுத்தினால்தானே?

அடுத்தது அகர வரிசை. பவளம், பழம், பள்ளி. நம் நெடுங்கணக்கில் வ, ழ, ள என்பதே வரிசை. ஆகவே இம்மூன்றும் இந்த முறையில்தான் நிற்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிடம் சும்மா 'வரிசைப்படுத்து' என்று சொன்னால் பள்ளி, பழம், பவளம் என்று அப்படியே தலைகீழாக்கித் தருகிறது. காரணம், ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது 1988-இன் இஸ்கி குறியீட்டைப் பின்பற்றினார்கள். அந்தக் குறியீடு எல்லா இந்திய எழுத்துகளையும் தேவநாகரிக்கு ஒப்ப ஒரே அச்சில் அடுக்கியது. அதனால் ல, ள, ழ, வ என்று வரிசை அமைந்தது. னகரம் கடைசியில் நிற்காமல் நகரத்துக்கு அடுத்து வந்து உட்கார்ந்தது. தொல்காப்பியர் காலத்து வரிசை ஒரு குழுவின் வசதிக்காக மாறிப்போனது. இதற்கும் மருந்து உலாவியிலேயே உண்டு. 2012-இல் வெளியான பன்மொழித் தரநிலையின்படி, 'தமிழ் முறையில் ஒப்பிடு' என்று சொல்லிவிட்டால் சரியாக அடுக்கித் தரும். தொகையையும் நம் முறையில் 1,00,000 என்று பிரித்துக் காட்டும். புதிதாக எதையும் சுமக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது தட்டச்சு. கைபேசியில் ஒலிபெயர்ப்பு முறையில் 'அம்மா' என்று வருமுன் விரல் நாலைந்து முறை தட்டுகிறது. சொல் முடியும்வரை அது அரைகுறை நிலையில் இருக்கிறது. சட்டகம் அவசரப்பட்டு ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியைத் திருத்தி எழுதினால் எழுத்து இரட்டிக்கும், சுட்டி எங்கோ தாவும். வ்யூ சட்டகம் இந்த இடத்தில் பொறுமை காட்டும். சொல் முடியும்வரை பேரேட்டைத் தொடாது. சீனம், ஜப்பானியம், கொரியம் தட்டுபவர்களுக்காக இவ்வாறு செய்ததாக அதன் விளக்க நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். எவான் யூ சீனத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். தன் தாய்மொழியில் தட்டிப் பார்க்கிறவன் கையில்தான் இப்படிப்பட்ட நுணுக்கம் படும். அதே பொறுமை தமிழுக்கு வேறொரு தொல்லையும் தருகிறது. தேடல் பெட்டியில் 'குட' என்று தட்டியதுமே குடம் எல்லாம் வர வேண்டும் என்றால் வராது, சொல்லை முடித்துப் பிறகுதான் வரும். சீனத்துக்குப் பொருந்துவது நமக்கு அப்படியே பொருந்தாது. நம் எழுத்துக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய நம்மவர் ஒருவர் அஸ்திவாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே தொடங்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் தொடங்குமுன் மூன்று வரவு செலவுகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சரக்கு யாருடையது? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில் முதலாளிக்கே உரியது என்கிறது. பல நிறுவனங்களின் வேலை ஒப்பந்தம் இதைவிட அகலமாக வலை வீசும். ஞாயிற்றுக்கிழமை எழுதினேன், சொந்தக் கணினியில் எழுதினேன் என்பதெல்லாம் வாதத்துக்கு உதவும். ஆனால் வாதமே வராமல் இருக்க எழுத்து மூலம் அனுமதி வாங்கி வைப்பது மேல். இதை எந்தப் பையனும் விரும்பிச் செய்வதில்லை.

இரண்டாவது உரிமம். நிரலை ஊர் பார்க்க வைத்துவிட்டாலே திறமூலம் ஆகிவிடாது. உரிமம் எழுதாவிட்டால் சட்டப்படி எல்லா உரிமையும் எழுதியவரிடமே தங்கும், பிறர் தொடக்கூடாது. எம்ஐடி உரிமம் என்பது 'எடுத்துக்கொள், விற்றுக்கொள், என் பெயரையும் இந்த அறிவிப்பையும் மட்டும் நீக்காதே, பழுதுக்கு நான் பொறுப்பில்லை' என்கிறது. ஏஜிபிஎல் உரிமம் இன்னும் கறாரானது. 'இதைத் திருத்தி இணைய வழியே சேவை நடத்தினால், திருத்திய நிரலையும் உன் பயனர்களுக்குத் திறந்து காட்டு' என்று நிபந்தனை போடும். நம்ம யாத்ரியின் நிரல் ஏஜிபிஎல் வகை. முழுச் செயலிக்கு அது தக்கது. யாராவது அதை எடுத்துக் கமிஷன் கடை வைத்தால் தம் திருத்தங்களை மூடி வைக்க முடியாது. ஆனால் சட்டகம் என்பது பிறர் வீட்டுச் சுவருக்குள் போய்ச் சேரும் செங்கல். செங்கல்லுக்கு நிபந்தனை போட்டால் மேஸ்திரி வேறு சூளைக்குப் போவான். ரியாக்ட் தன் உரிமத்தோடு காப்புரிமை பற்றிய ஒரு துணை நிபந்தனை வைத்திருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை அதைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாது என்றது, செப்டம்பரில் வேர்ட்பிரஸ் விலகப்போவதாக அறிவித்தது. அதே மாதம் பேஸ்புக் இறங்கி வந்து எம்ஐடிக்கு மாறியது. அவ்வளவு பெரிய முதலாளியையே மேஸ்திரிகள் இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் பெரிய கணக்கு: பராமரிப்பு.

சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு வைத்த செய்தி நூற்றுக்கணக்கில் வரும். விளக்கு வைப்பது பெரிய செலவு இல்லை. அணையாமல் எரிவதுதான் செலவு. அதற்காக ஒரு விளக்குக்கு 96 ஆடு விடுவார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். ஆடு சாகும், மூக்கும், குட்டி போடும். ஆனால் தொகை குறையக் கூடாது. எங்கள் பக்கத்துத் திருமலையில், குந்தவை ஜினாலயத்துக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை விளக்குக்கும் படையலுக்கும் காசு வைத்த செய்தி கல்லில் இருக்கிறது. விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் போகவில்லை, முதலையும் வைத்துவிட்டுப் போனார்.

இணையத்தில் விளக்கு ஏற்றியவர்கள் ஆயிரம் ஆயிரம், ஆடு விட்டவர்கள் குறைவு. 2016 மார்ச்சில் அசர் கோச்சுலு என்பவர் ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்து, என்பிஎம் என்ற பொதுக் கிடங்கிலிருந்து தன் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டார். அதில் ஒன்று, சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வெறும் 11 வரி நிரல். அந்தப் பதினொரு வரியை நம்பியிருந்த உலகப் பெரு நிறுவனங்களின் வேலை நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துக் கிடங்கு நடத்துபவர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். 2018-இல் ஒருவர் தான் இனிப் பயன்படுத்தாத நிரல் ஒன்றின் சாவியை, பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்தார். வந்தவன் அதற்குள் திருட்டு நிரலை வைத்து மின்னணு நாணயப் பைகளில் கைவைக்கப் பார்த்தான். 2025 செப்டம்பரில் போலி மின்னஞ்சல் ஒன்றை நம்பிய ஒரே ஒரு பராமரிப்பாளரின் சாவி களவு போய், வாரத்துக்கு நூறு கோடிக் கணக்கில் இறக்கப்படும் சிறு நிரல்கள் பதினெட்டில் நஞ்சு கலந்தது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல, தனி ஆட்கள். சம்பளமில்லாத மன்றாடிகள்.

பெரிய நிறுவனம் பின்னால் இருந்தால் ஆடு சாகாது என்று நினைக்க வேண்டாம். கூகுள் 2014 அக்டோபரில் ஆங்குலரை அடியோடு மாற்றி எழுதுவதாக அறிவித்தது. 2016-இல் வந்த புதியது பழையதோடு ஒட்டவில்லை. பழைய ஆங்குலருக்கு ஆதரவு 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதில் கட்டிய கடைகள் பலவற்றை இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

தனி ஆள் பிழைத்ததற்கும் உதாரணம் உண்டு. எவான் யூ 2016-இல் வேலையை விட்டு, பயன்படுத்துகிறவர்கள் மாதாமாதம் தரும் நன்கொடையில் வ்யூவை முழு நேரமாகப் பார்த்தார். ஆனால் கவனியுங்கள், வெளியிட்ட நாளில் அவர் வேலையை விடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, வாடிக்கை சேர்ந்த பிறகு விட்டார். இதைத் தங்கை மகனிடம் சொன்னபோது தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நம்ம ஊரிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா, 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற அளவில் உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கென ஒரு நிதியை அறிவித்தது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. கேட்பவர் தன் நிரலோடு ஒரு சிறு கோப்பை வைத்து, என்ன செய்கிறோம், எதற்கு எவ்வளவு வேண்டும் என்று எழுத வேண்டும். ஆனால் புதிதாய் ஏற்றிய விளக்குக்கு எடுத்த எடுப்பில் அப்படிப்பட்ட நிதி கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. நாலு பேர் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொடங்குகிறவருக்கு என் யோசனை இவ்வளவுதான். முதல் வெளியீட்டுக்கு முன்பே இரண்டாவது சாவிக்காரர் ஒருவர் இருக்கட்டும். சொந்தக்காரர், பழகியவர், நிரல் தெரிந்தவர். சொந்தக் கடை ஒன்றாவது அதில் ஓடட்டும். வாடிக்கையாளர் பெயர்ப் பெட்டியில் யாராவது பெயருக்குப் பதில் நிரல் வரியை எழுதிவைத்தால் அது ஓடாமல் எழுத்தாகவே தெரிய வேண்டும். இந்தக் காவலை முதல் நாளே போட வேண்டும். அளவு சின்னதாக இருக்கட்டும். ஜான் ரெசிக் 2006-இல் தொடங்கிய ஜேக்வெரி சுருக்கிக் கட்டினால் ஏறத்தாழ 30 கிலோபைட், அது போதும் என்று உலகத்தில் பாதி அதில் குடியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மீனாட்சிசுந்தரத்தையும் பவளம் பழம் பள்ளியையும் ஓட்டிப் பார்க்கும் சோதனை உள்ளேயே இருக்க வேண்டும். அது விழுந்தால் வெளியீடு இல்லை.

விளக்க நூலை ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். சட்டகத்தின் நற்பெயர் பாதி விளக்க நூலில்தான் இருக்கிறது. தமிழ்ச் சொற்களுக்குக் கொஞ்சம் பாடுபட்டேன். உள்ளே இருக்கும் தகவலின் அப்போதைய நிலைக்கு 'இருப்பு' என்று வைத்தேன், கடைக்காரனுக்கு உடனே விளங்கும். திரையைச் சிறு சிறு துண்டாகப் பிரிப்பதற்கு 'கூறு'. தாயிலிருந்து கூறுக்குப் போகும் தகவலுக்குச் 'சீர்' என்றேன்; பையன் சிரித்தான், ஆனால் எடுத்துக்கொண்டான். முகவரியைப் பார்த்துத் தக்க திரைக்கு அனுப்பும் பகுதிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'வழிகாட்டி' என்றால் கையேடு என்று எண்ணிக்கொள்கிறார்கள், 'திசைவி' என்றால் வீட்டில் மினுக்கும் இணையப் பெட்டி நினைவுக்கு வருகிறது. நல்ல சொல் தோன்றும் அன்பர்கள் சங்கத்துக்கு ஒரு கார்டு போட்டால் நூலில் அவர்கள் பெயரோடு சேர்த்துக்கொள்கிறோம்.